எங்கள் வீட்டில் மூன்று இரவு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சின்ன வயதில் உன் பின்னாலேயே சுற்றிய உன் வால் எழுதுகிறேன். நான் சுகம். நீயும் அத்தானும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதி வெகு நாளாகிவிட்டதால் நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது.

அம்மாவின் அறையை ஒழித்துவிட்டேன். மருந்து வாசனை மட்டும் போகவில்லை. சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பாளே, அந்தக் குரல் இல்லாமல் வீட்டுக்குள் நுழைவது இன்னும் பழகவில்லை. "நான்தான்" என்றால் அவளுக்குப் போதாது. "நான்னா எந்த நான்? பெரியவளா, சின்னவளா?" என்பாள். பெரியவள் வர வழியே இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்துபோயிருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அடுத்தவர்களின் பாடப் புத்தகங்களில் பிழை திருத்தியே உலகத்தைப் பார்த்தாயிற்று. ஒருமுறை நேரிலும் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். மே மாதம் உன் நாட்டுக்கு வருகிறேன், மலிவான டிக்கெட்தான், மூன்று இடத்தில் விமானம் மாற வேண்டும். எனக்கு எதையும் சுற்றிக் காட்ட வேண்டாம். ஒரு மூலையில் பாய் போட இடம் கொடு. உன்னோடு உட்கார்ந்து நம் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். இங்கே அவளைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை. வருவது அதற்காகத்தான்.

உன்,
வால்


ஏப்ரல் 11

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து சந்தோஷத்தில் குதித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், எலும்பும் தோலுமாக வராதே.

நீ வருகிற நேரம் பார்த்து எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் வேலை. தரையெல்லாம் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். நாங்களே பல் தேய்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறோம். உன்னைக் கூப்பிட்டு வைத்துக் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அருமையான வழி ஒன்று இருக்கிறது. ஒரு சினேகிதி சொன்னாள். இங்கே ஒரு வலைத்தளம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டில் பயணிகளை இலவசமாகத் தங்கவைக்கிறார்கள். மூன்று இரவு வரை இருக்கலாம். நம் ஊரில் "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்களே, அதேதான். ஊரை நிஜமாகப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளூர்க்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் சொந்தக்காரரைத்தான் பார்க்க முடியும்.

கிளம்பும்போது விருந்து கொடுத்தவர் உன்னைப் பற்றி அந்தத் தளத்தில் நாலு வரி எழுதுவார். நீயும் அவரைப் பற்றி எழுதலாம். நல்லபடி எழுதினால்தான் அடுத்த வீட்டில் சேர்ப்பார்கள்.

கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. எங்கள் தபால்பெட்டி உடைந்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கே அனுப்பு.

அன்புடன்,
அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நலம். உன் குழாய்கள் நலமா?

மூன்றாவது வீட்டிலிருந்து எழுதுகிறேன். முதல் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். அவருடைய சோபா என்னைவிட ஒரு சாண் குட்டை. "காலை மடக்கிக்கோங்க, ரெண்டாவது நாள் பழகிடும்" என்றார். பழகியது. இரண்டாவது வீட்டில் இரண்டு மாணவிகளும் மூன்று பூனைகளும். குளிக்கப் போனால் வாசலில் பூனை ஒன்று நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பதிலுக்கு நான் பாத்திரம் கழுவுகிறேன். எந்த வீட்டிலும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓசியில் தங்குகிறவளுக்குச் சாமான் தேய்ப்பதுதான் மரியாதை என்று புரிந்துகொண்டேன்.

நீ சொன்னது சரிதான், ஊரை நன்றாகப் பார்க்க முடிகிறது. காலையில் எல்லோரும் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். என்னிடமும் ஒரு சாவி கொடுக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் சாவி கொடுக்கிறார்கள், அக்கா.

ஒரு சின்ன விஷயம், தொழில் புத்தி, தப்பாக நினைக்காதே. உன் கடிதத்தில் "எங்கள் வீடு", "எங்கள் தபால்பெட்டி" என்றே இருக்கிறது. இலக்கணப்படி பிழையில்லை. "எங்கள்" என்றால் எதிரில் இருப்பவர் அதில் சேர்த்தியில்லை, "நம்" என்றால் சேர்த்தி. அந்நிய ஊரில் இருந்து இருந்து உனக்கு மறந்திருக்கும்.

ஜூன் முதல் வாரம் உன் ஊர்ப் பக்கம் வந்துவிடுவேன். குழாய் வேலை முடியாவிட்டால் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் பல் தேய்க்க எனக்கு வெட்கமில்லை. கீழே உள்ள முகவரிக்கு எழுது, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வீடு. அவருடைய செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் கூடுதலாக இருந்துகொள்ளலாம் என்கிறார்.

உன்,
வால்


ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

சளிக்குச் சுடுதண்ணீர் குடி.

குழாய்க்காரன் காலை வாரிவிட்டான். எங்கள் வீடு இன்னும் போர்க்களம்தான். சனிக்கிழமை மதியம் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள காபிக் கடைக்கு வா. சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்துவிடுகிறேன். மனம் விட்டுப் பேசலாம்.

அவசரத்தில்,
அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. சனிக்கிழமை உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன்.

காபிக் கடையில் ஜன்னல் ஓரம் நல்ல இடம் கிடைத்தது. மூன்று காபி குடித்தேன். நான்காவது கேட்டபோது பரிமாறும் பெண், "யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்று அவள் பாஷையில் கேட்டாள். இல்லை என்றேன். கடையில் கூட்டம் வந்திருக்கும் உனக்கு. கண் கெட்டவர்கள் எல்லாம் சனிக்கிழமைதான் வருவார்கள்.

நர்ஸம்மா வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. அடுத்து எங்கே தங்கலாம் என்று இருவரும் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தேடினேன். ஒரு வீடு வந்தது. விருந்து கொடுப்பவர் அந்த நாட்டுக்காரர், லிஃப்ட் பழுது பார்ப்பவர், மனைவி கண்ணாடிக் கடையில் வேலை. படத்தில் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறாள். முதலில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, பிறகு மூன்றாக, அம்மா மடிப்பதுபோலவே. முகம் தெரிந்திருந்தால்கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்கும், அந்த மடிப்பில் வரவில்லை. "போன மாதம் எட்டுப் பேர் தங்கினார்கள், வெந்நீர் தாராளமாக வருகிறது" என்று ஒரு பையன் எழுதியிருந்தான்.

விண்ணப்பம் போட்டேன். அத்தான் ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார், மிக அன்பாக. 25, 26, 27 மூன்று இரவு. பயப்படாதே, என் பெயரையும் வேலையையும் தவிர நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ அவரிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது அல்லவா? தெரியாததைத் திருத்தக்கூடாது, மூலத்தைக் கேட்க வேண்டும். இது எங்கள் அச்சக வழக்கம்.

உன்,
வால்


ஜூன் 18

தங்கச்சி,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கிழித்துப் போட்டுவிடு.

வா. வரவேண்டாம் என்று இப்போது சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார். ஆனால் பயணியாக வா. என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. அக்கா என்று வாய் தவறிக்கூடக் கூப்பிடாதே. இரண்டாவது நாள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா சாப்பிட வருவாள், நம் பாஷைக்காரி, பாம்புச் செவி. அவளிடம் ஜாக்கிரதை.

எல்லாம் பிறகு விளக்கமாகச் சொல்கிறேன். மூன்று நாள் சமாளித்துவிடு. எனக்காகத்தான் கேட்கிறேன். சின்ன வயதில் நான் சொன்னால் கிணற்றில் குதிப்பாயே.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். ஊருக்குத் திரும்பும் வழியில் விமான நிலையத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே நீயும்தான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். உன் பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்.

நீ கதவைத் திறந்து, "வாங்க, பயணம் எப்படி?" என்றாய். "நல்லா இருந்தது மேடம்" என்றேன். பன்னிரண்டு வருஷம் கழித்து உன்னிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது. பின்னறையில் கட்டில்மேல் துண்டு இருந்தது, அம்மாவின் மடிப்பில். கதவுக்குப் பின்னால் வீட்டு விதிகள் ஒட்டியிருந்தன: குளியலறையைத் துடைத்துவிடவும், வீட்டாரின் சொந்த விஷயங்களைக் கேட்க வேண்டாம். குளியலறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஓடுகளுக்கு நடுவே பாசி, பல வருஷப் பாசி. அந்தத் தரையை யாரும் பெயர்க்கவில்லை.

அத்தான் தங்கமானவர். என் மேஜையில் அம்மாவின் கண்ணாடியைப் பார்த்துவிட்டு யாருடையது என்று கேட்டார். "எங்கம்மாவோடது, அவங்க இப்ப இல்லை" என்றேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது. ஒரு பக்கத்துத் திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்து, "என் மனைவி சரிசெய்து தருவாள்" என்று இரண்டாவது நாள் இரவு சாப்பாட்டு மேஜைக்கே எடுத்துவந்தார்.

நீ அந்தச் சின்னத் திருப்புளியால் திருகை முறுக்கினாய். பிறகு பழக்கதோஷத்தில் கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு பல் டாக்டரம்மாவிடம் நம் பாஷையில் சொல்லிச் சிரித்தாய்.

"பவர் சுத்தமா தப்பு. எந்தக் கத்துக்குட்டி குடுத்ததோ! இதைப் போட்டா எதிர்ல இருக்கிற ஆளே தெரியாது."

"அவங்க மூத்த பொண்ணு வெளிநாட்டிலேருந்து அனுப்பினது" என்றேன் நான்.

"அப்ப அந்தப் பொண்ணை உள்ள தூக்கிப் போடணும்" என்றாள் டாக்டரம்மா. "பாவம், பெரியம்மா போட்டுக்கிட்டாங்களா?"

"கழட்டவே மாட்டாங்க. கதவுல இடிச்சுப்பாங்க, ஆனா கழட்ட மாட்டாங்க. மூத்தவ கடிதாசு வந்தா அதைப் போட்டுக்கிட்டு உட்காருவாங்க, நான்தான் படிப்பேன். கண்ணாடி அவங்களுக்கு, படிப்பு எனக்கு."

எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். அப்புறம் அந்தப் பாம்புச் செவிக்காரி உன் பக்கம் திரும்பினாள். "உங்கம்மா பத்தி நீங்க ஒண்ணுமே சொன்னதில்லையே?" என்றாள்.

நீ என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாய். "எங்கம்மா நான் பத்தாவது படிக்கும்போதே போயிட்டாங்க. எனக்குக் கூடப்பிறந்தவங்களும் கிடையாது."

"ஐயோ பாவம்" என்று அவள் என்னிடம் திரும்பினாள். "உங்கம்மா எப்ப?"

"எங்கம்மா போன வருஷம்தான்" என்றேன்.

ஒரே மேஜையில் இரண்டு "எங்கம்மா". நான் இத்தனை வருஷம் புரூஃப் பார்த்ததில் இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்ததில்லை.

கிளம்பிய அன்று காலை அத்தான் என்னை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். நீ குறித்துக் கொடுத்த அம்மாவின் நினைவு நாளில் வருஷம் தவறாமல் உனக்குப் பூ வாங்கிவருவதாகச் சொன்னார். "அம்மா இல்லாமல் வளர்ந்தவள். அதனால்தான் வீட்டுக்கு வருகிற அந்நியர்களை இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறாள்" என்றார். ஆமாம் என்றேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் சொல். கண்ணாடியை விளக்கில் பிடித்தபோது அது நீ அனுப்பியது என்று உனக்குத் தெரிந்ததா?

தங்கை


ஜூலை 19

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நீ சமாளித்த விதம் இருக்கிறதே! ஒரு வார்த்தை விடவில்லை, கண்கூடக் கலங்கவில்லை. அம்மா வளர்த்த பெண் அல்லவா! அவருக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது. உன்னைப் பற்றி எங்கள் பக்கத்திலிருந்து நான்தான் எழுதினேன், பார்த்தாயா? "சுத்தமானவர். அமைதியானவர். கேட்காமலே பாத்திரம் கழுவினார். தாராளமாக வீட்டில் சேர்க்கலாம்." அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

மற்றதை நீ பெரிசாக எடுத்துக்கொள்ளாதே. கல்யாணம் ஆன புதிதில் அவருடைய அம்மாவை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டோம், நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். உன் அம்மாவையும் அழைத்து வரலாமே என்று அவர் ஆரம்பித்தார். அந்தப் பேச்சு வளராமல் இருக்க ஒரு வார்த்தை சொன்னேன். சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? யாருக்கு என்ன நஷ்டம்? அம்மாவுக்கு நீ இருந்தாய்.

எந்தக் கண்ணாடி? கடையில் ஒரு நாளைக்கு நூறு பார்க்கிறேன்.

ஒரு உதவி செய். நீயும் எங்களைப் பற்றி நாலு வரி எழுதிவிடு. அவர் தினமும் காலையில் தளத்தைத் திறந்து, "அந்த அம்மா எழுதினாங்களா?" என்று பார்க்கிறார். எழுதாவிட்டால் நம்மிடம் ஏதோ குறை என்று நினைப்பார். அவர் பாஷையிலேயே எழுது, உனக்குத்தான் நன்றாக வருமே.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

நலம். நீ கேட்டபடி எழுதிவிட்டேன். நாளைக் காலை அத்தான் பார்ப்பார். உனக்கு ஒரு பிரதி வேண்டுமே என்று தமிழில் தருகிறேன்:

"அருமையான வீடு. வெந்நீர் தாராளம். கணவர் மிகவும் பண்பானவர். மனைவி துண்டுகளை முதலில் நீளவாக்கிலும் பிறகு மூன்றாகவும் மடிக்கிறார். சென்ற ஆண்டு காலமாகும்வரை நம் அம்மாவும் இப்படித்தான் மடித்தார்."

இதில் ஒரு சிக்கல் வந்தது. அந்தப் பாஷையில் "நம்", "எங்கள்" என்ற பேதம் கிடையாது. வெறுமனே எழுதினால் என் அம்மா என்று நினைத்துக்கொள்வார்கள். எனவே "எங்கள் இருவரையும் பெற்றவர், என்னையும் வீட்டுக்காரம்மாவையும்" என்று விளக்கமாக எழுத வேண்டியதாயிற்று. நடை கொஞ்சம் இடிக்கிறது. பொருள் தெளிவாக இருக்கிறது.

அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

தங்கை


நவம்பர் 16

என் கண்ணான தங்கச்சிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் இருக்கிறேன்.

மூன்று மாதமாக எழுத எடுத்து எடுத்துக் கிழித்துப் போட்டேன். உன்னைத் திட்டி எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் வருஷா வருஷம் பூ வாங்கிட்டு வந்தேனே, அது யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "பெத்தவளையே உயிரோட சாகடிச்சவ, என்னை எத்தனை பேர்கிட்ட சாகடிச்சிருக்கியோ" என்றார். இரண்டு வாரம் கழித்து என் பெட்டியை வாசலில் எடுத்து வைத்தார். துணிகளை அவரே மடித்து வைத்திருந்தார். பல் டாக்டரம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள், கடைக்கும் சொல்லிவிட்டாள். கடையில் என்னோடு யாரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. போன மாதத்தோடு நின்றுவிட்டேன்.

இப்போது எங்கே இருக்கிறேன் தெரியுமா? ஒரு பஸ் ஓட்டுநர் வீட்டுச் சோபாவில். நீ இருந்த வீடாகவே இருக்கலாம், சோபா குட்டையாகத்தான் இருக்கிறது. மூன்று இரவுக்கு ஒரு வீடு. பாத்திரம் கழுவுகிறேன். தளத்தில் என் பக்கத்தில் உன் வரிகள் இன்னும் இருப்பதால் முக்கால்வாசிப் பேர் சேர்ப்பதில்லை. சேர்க்கிறவர்கள் கதையைக் கேட்கத்தான் சேர்க்கிறார்கள்.

நம்ம வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அம்மாவின் அறை சும்மாதானே கிடக்கிறது? நம்ம வீட்டில் ஒரு மூலை போதும். உன்னோடு உட்கார்ந்து நம்ம அம்மாவைப் பற்றிப் பேசலாம், நீ கேட்டாயே, அதையெல்லாம் பேசலாம். என்னை மண்ணித்துவிடு.

உன்,
அக்கா


டிசம்பர் 9

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நலம். அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன், காதை மூடிக்கொள்ளவும்.

முதலில் திருத்தங்கள். மன்னிப்புக்கு இரண்டு சுழி "ன". மூன்று சுழி போட்டால் மண் விழுந்துவிடும். "நம்ம வீடு" என்று இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. இரண்டையும் அடித்து "உங்கள் வீடு" என்று போட்டிருக்கிறேன். "நம்ம அம்மா" என்ற இடத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை. பத்தாவது படிக்கும்போது போனவரா, போன வருஷம் போனவரா என்று மூலத்தில் தெளிவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அம்மாவின் அறை சும்மா இல்லை. நானும் அந்தத் தளத்தில் சேர்ந்திருக்கிறேன். ஊர் சுற்ற வருகிறவர்கள் தங்கிப் போகிறார்கள். நர்ஸம்மாகூடப் போன வாரம் வந்திருந்தார். அவர் போகும்வரை நானும் அவரும் அம்மாவைப் பற்றித்தான் பேசினோம். நிறையக் கேட்டார். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்துவிட்டேன்.

ஜனவரி 20, 21, 22 காலியாக இருக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள். துண்டு கட்டில்மேல் இருக்கும், மடிப்பு தங்களுக்குப் பழக்கமானதுதான். அலமாரியில் ஒரு கண்ணாடி இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், பவர் தப்பு. அக்கம்பக்கத்தார் கேட்டால் பயணி என்று சொல்லிக்கொள்ளவும். நானும் அப்படியே சொல்வேன். பாத்திரத்தை நானே கழுவிக்கொள்வேன்.

அழைப்புமணி வேலை செய்யவில்லை. கதவைத் தட்டவும். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பேன். இந்த வீட்டில் "நான்தான்" என்றால் போதாது.

இப்படிக்கு,
வீட்டுக்காரி